மூன்றாவது மாடி அறை

“அவளுக்குக் கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. காரணமே இல்லாம உன்னை எருமைன்னு திட்டுறா. நீ என்ன பண்ணுவே?”

கேட்டுவிட்டு அம்மா பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிப்பது அவளுடைய உத்தியோகம். சிக்னல் போடாமல் திரும்பினான் என்று சொந்தத் தம்பியையே இரண்டு முறை பெயிலாக்கியவள். இன்று அதே அட்டையும் தாளுமாகப் பெண்கள் விடுதியின் மூன்றாவது மாடியில், ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே நின்றவள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். காலையிலேயே வந்து ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்துவிட்டவள்.

பரீட்சை அவளுக்கு. தலைவிதி கூழாங்கல்லுக்கு.

கூழாங்கல் என்பது அம்மாவின் ஒரே மகள். செருப்புக்குள் புகுந்த கல்லைக்கூட எறிய மனம் வராமல் பெயர் வைத்து வளர்த்ததால் வந்த பட்டப்பெயர். பாறைகளைப் பற்றிப் படிக்க வேண்டும், என்றாவது ஒருநாள் எரிமலையின் விளிம்பில் நின்று அது மூச்சு விடுவதைக் கேட்க வேண்டும் என்பது அவள் கனவு. எட்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். தினம் நான்கு ஊசி. அந்தப் படிப்பு இருந்த ஒரே கல்லூரியோ வீட்டிலிருந்து ஏழு மணி நேரப் பயணம்.

அம்மா ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தாள். ஆபத்துக்கு உதவத் தெரிந்த அறைத்தோழி கிடைத்தால் சேர்க்கைத் தாளில் கையெழுத்து. கிடைக்காவிட்டால் இன்றைக்கே திரும்பிப்போய்த் தெருமுனைக் கல்லூரியில் வணிகவியல்.

முதல் மாடி அறைப் பெண், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். அவளுக்குத் தண்ணீர் தெளித்ததே கூழாங்கல்தான். இரண்டாம் மாடிக்காரி, எந்த நோய்க்கும் மூச்சுப் பயிற்சி போதும் என்றாள். மூச்சு இருந்தால்தானே பயிற்சி என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்துவிட்டாள். வார்டனிடம் காலியாக இருந்தது இந்த மூன்றாவது மாடி அறை மட்டும்தான். கற்கள் நிறைந்த டிரங்குப் பெட்டியை மாடி மாடியாகத் தூக்கி வந்த அப்பா, இனி எந்தத் திசையிலும் தூக்குவதாக இல்லை என்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எருமைன்னா கோபப்பட மாட்டேன்,” என்றாள் கண்ணாடிக்காரி நிதானமாக. “உடனே ஜூஸ் குடுப்பேன். இல்லைன்னா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கி. கால் மணி நேரம் கழிச்சு மறுபடியும் சுகர் பார்ப்பேன். அது ஏறினப்புறம் எருமைக்குப் பதில் சொல்லுவேன்.”

அம்மாவின் பேனா அசைந்தது. கூழாங்கல் எட்டிப் பார்த்தாள். சரிக்குறி. அம்மாவின் தாளில் அதைப் பார்ப்பது அமாவாசையில் நிலாவைப் பார்ப்பது மாதிரி.

அம்மா விடவில்லை. மயங்கிவிட்டால்? வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் அவசர ஊசியைப் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றாள் அவள். காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்தால்? அப்போதும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. மருந்தை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜில், ஆனால் உறைந்துபோகும் இடத்தில் இல்லை.

எல்லாவற்றுக்கும் சரிக்குறி விழுந்தது. கடைசியாக, நல்ல ஓட்டுநர்களையும் கவிழ்க்கிற குரலில் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“பிறந்தநாள் கேக் குடுத்தா இவ சாப்பிடலாமா?”

“தாராளமா. துண்டோட அளவைப் பார்த்து ஊசி போட்டுக்கணும், அவ்வளவுதான். சாப்பிடாதேன்னு அட்வைஸ் பண்ற சொந்தக்காரங்களுக்குத்தான் துண்டு கிடையாது.”

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவின் பார்வை பட்டதும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இவ்வளவும் எப்படித் தெரியும் என்று அம்மாவுக்கே ஆச்சரியம். வீட்டில் ஒருத்தருக்கு இருக்கிறது என்றாள் கண்ணாடிக்காரி. அம்மாவின் முகம் இளகியது. அவர்களாவது சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா என்று விசாரித்தாள்.

“எங்க ஆன்ட்டி கேக்குது. சரியான பிடிவாதம்.”

“இங்கயும் அதே கதைதான்ம்மா,” என்று அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, தன் உத்தியோக வாழ்க்கையில் இல்லாத வழக்கமாக, முழு மதிப்பெண் போட்டு, சேர்க்கைத் தாளில் கையெழுத்தும் போட்டாள்.

விடைபெறுவதற்கு அரை மணி நேரம் ஆனது. மகளைக் கட்டிக்கொண்டு அழுத அம்மா, படியிறங்கிய பிறகு இரண்டு தடவை மேலே வந்து கண்ணாடிக்காரியையும் கட்டிக்கொண்டாள். ஒருவழியாக அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியது. கூழாங்கல் கட்டிலில் பொத்தென்று விழுந்தாள். எரிமலைகள் எல்லாம் நான்கு வருடத் தூரத்துக்குக் கிட்டே வந்துவிட்டாற்போல் இருந்தது.

“எங்கம்மா கொஞ்சம் அப்படித்தான், தப்பா எடுத்துக்காதே,” என்றாள். “இதுக்குப் பயந்து நீ வேற ரூம் கேட்டாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

கண்ணாடிக்காரி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் புது வாளியும் கக்கத்தில் தலையணையுமாக ஒரு அம்மாள் விடுதிக்குள் நுழைவதைக் கண்டதும் அவளுடைய நிதானமெல்லாம் பறந்துபோயிற்று.

“அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல உன் ஊசி, மருந்து எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வை,” என்றாள் பரபரப்பாக. “எனக்கும் இதே சுகர்தான். எந்தச் சீக்கும் இல்லாத பொண்ணுகூடத்தான் தங்க விடுவேன்னு எங்கம்மா ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. அவங்க கேக்கப்போற கேள்விக்கெல்லாம் பதில் உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா பார்த்துச் சொல்லு. எங்கம்மா உங்கம்மா மாதிரி சாது இல்ல.”