ஜெர்சி பார்க்கும் படலம்

பார்த்த மாத்திரத்திலேயே அன்புசெல்வனுக்குத் தெரிந்துவிட்டது, இது ஒரிஜினல் இல்லை என்று.

பெண்ணைச் சொல்லவில்லை. பெண் இன்னும் உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை. பெண்ணின் அண்ணன் சடையப்பன் போட்டிருந்த மஞ்சள் கிரிக்கெட் ஜெர்சியைத்தான் சொல்கிறேன்.

அன்புசெல்வனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போல்ட், நட்டு சரிபார்க்கிற வேலை. அங்கே அவன் கழித்துக்கட்டுவதையெல்லாம் மேனேஜர் மறுபடி பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார். அந்தக் கடுப்பை ஊரார் போட்டிருக்கும் ஜெர்சிகள் மேல் காட்டுவது அவன் வழக்கம்.

போன சம்பந்தம் போனதே அதனால்தான். பெண்ணின் தாய்மாமன் ஆசை ஆசையாய்ப் போட்டு வந்த கால்பந்து ஜெர்சியைச் சபையில் வைத்து டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டான். மாமன் எழுந்து போனார், பின்னாலேயே சம்பந்தமும் போய்விட்டது.

"நைனா, உன் கால்ல வுழறேன். இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பேச்சே எடுக்காத. இதுவும் புட்டுக்கினா உனக்கு இனிமே எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்" என்று திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து அம்மா கங்கம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். மகன் கல்யாணம் முடிந்தால் வேப்பஞ்சேலை கட்டி வருவதாகப் பெரியபாளையத்து அம்மனிடம் நேர்ந்துகொண்டவள். அம்மனும் எத்தனை வருஷம்தான் பொறுப்பாள்?

பெண் பூமிகா காபித் தட்டோடு வந்தாள். அரக்குப் புடவை, அளவான சிரிப்பு. அண்ணனும் தங்கையுமாக ஏதோ ரெடிமேட் பிசினஸ் பண்ணுகிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அவள் புடவைத் தலைப்பில் மஞ்சள் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற அன்புசெல்வன், அதைப் பார்த்துவிட்டு மறந்தும் போனான். அவன் கண் திரும்பவும் ஜெர்சிக்கே போனது.

"இன்னா தம்பி, பொண்ணப் பாக்காம என் ஜெர்சியவே பாத்துக்கினு கீறீங்க?" என்றான் சடையப்பன்.

"ஆன்லைனா சார்?"

"ஆன்லைன்தான். முந்நூறு ரூபா."

கங்கம்மா மகனின் தொடையைக் கிள்ளினாள். கிள்ளி என்ன பிரயோஜனம்? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

"தப்பா நெனைக்காதீங்க சார். நல்லா ஏமாத்திகீறானுங்க. இது பக்கா டூப்ளிகேட்டு."

கங்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எப்டி சொல்றீங்க?" சடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"லேபிள்ல ஒரு கோட் நம்பர் இருக்கு பாருங்க. அத்த போன்ல அடிச்சா இதே ஜெர்சி வரணும்" என்று அடித்தே காட்டினான். பெண்கள் போடும் டிராக் பேன்ட் வந்தது. "பாத்தீங்களா? ரெண்டாயிரம் ரூபா ஜெர்சிய முந்நூறுக்குப் போட்டப்பவே நீங்க உஷாராவ வேணாமா? அவன் இன்னா தர்மப் பிரபுவா?"

கதவோரம் நின்ற பூமிகா வாயைத் திறந்தாள். "லோகோ எப்டி இருக்கணும்?"

பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் கேட்ட முதல் கேள்வி. அன்புசெல்வனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் வாழ்நாளில் இத்தனை அக்கறையாய்க் கேட்ட பெண்ணை அவன் கண்டதில்லை.

"சூப்பரா கேட்டீங்க! லோகோவ உள்பக்கமா திருப்பிப் பாக்கணும். சார், கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. இது மாதிரி நூலு தொங்கிக்கினு இருந்தா டூப்ளிகேட்டு."

"தையலு?"

"அக்குளாண்ட பாருங்க, ரோடு மாதிரி வளைஞ்சி போவுது. தெச்சவன் குடிச்சிட்டுத் தெச்சிகீறான்."

சடையப்பன் முகம் கறுத்தது. தங்கையைத் திரும்பி ஒரு முறை முறைத்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதோடாவது நிறுத்தினானா? வீட்டுக்காரர் முகம் கறுத்தால் வாயை மூடவேண்டும் என்பது போல்ட் நட்டுக்குத் தெரிந்த அளவுகூட அவனுக்குத் தெரியாது. "இத்த வித்தவன் சரியான ஃபிராடு சார். புடிச்சி உள்ள போடணும்!" என்றும் சொல்லி முடித்தான்.

காபியில் ஆடை படிந்தது.

கங்கம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா நைனா, போலாம். அதான் எல்லாத்தியும் பேசி முடிச்சிட்டியே."

"எங்கம்மா போறீங்க? உக்காருங்க" என்றான் சடையப்பன். பிறகு தங்கையிடம், "இன்னாம்மா, உனக்கு ஓகேவா?" என்றான்.

பூமிகா அப்போதுதான் முதன்முதலாக வெட்கப்பட்டாள்.

"ஓகேண்ணா. இவரு செக்கிங்குல உக்காந்துக்கினா, நம்ம சரக்க ஒருத்தனும் டூப்ளிகேட்டுன்னு கண்டுபுடிக்க முடியாது!"