மூன்று கிண்ணங்கள்

"ஏங்க, இதுக்கு என்ன ஆச்சு?"

குளியலறையிலிருந்து வந்த மனைவியின் கையில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். போன வாரம் பால் போல வெள்ளையாக இருந்த பொடி, இப்போது பழைய பேப்பர் நிறத்தில் இருந்தது.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றார் வரலாற்று வாத்தியார், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் மனைவிக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. அலுமினிய பாஸ்பேட்டில் சோப்பு மாதிரி ஒன்றைக் கலந்து உலையில் சுடுவாள். சோப்பு எரிந்துபோன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். கிண்ணத்தில் இருந்தது அந்தப் பொடிதான். சோப்பை மாற்றினால் ஓட்டையின் அளவும் மாறும். "ஓட்டை போடறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் என் பெண்டாட்டிதான்" என்று ஊரெல்லாம் கேலி செய்வார்.

இன்றைக்கு அந்தக் கேலி வாயில் வரவில்லை.

சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர். மகள் இப்போது வெளியூரில், கல்லூரி விடுதியில். தலை தூரத்தில் இருந்ததால் சத்தியமும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஜன்னலோரம் நின்று ஊதிவிட்டு, அப்புறம் பல்லை இரண்டு முறை தேய்ப்பார். போன மாதம் பள்ளியில் நடந்த புகை ஒழிப்புப் பேச்சுப் போட்டிக்கு நடுவரே அவர்தான்.

"கொசுவத்திப் புகையா இருக்கும்" என்றார்.

"கொசுவத்தி ஏத்துற ஹால்லயும் ஒரு கிண்ணம் வச்சிருந்தேன். அது வெள்ளையாத்தான் இருக்கு."

"தாளிக்கிற புகை?"

"சமையலறையிலயும் ஒண்ணு இருக்கு. அதுவும் வெள்ளை."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குளியலறையில ஈரம் அதிகம்."

"ஈரம் பட்டா மஞ்சளாகாதுங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் களைப்பு. "நாளைக்குக் கமிட்டி கூடுது. இது ஏன் மஞ்சளாச்சுன்னு உறுதியாச் சொல்லலைன்னா, இந்த வேலையையே நிறுத்திடுவாங்க. என்கிட்ட வேலை பார்க்கிற ரெண்டு பொண்ணுங்களுக்கும் வேலை போயிடும். மூணு வருஷப் பாடு."

உலைச் சூடு பட்டுக் கன்றிய அவள் விரல்களைப் பார்த்தார் வாத்தியார். பாவமாக இருந்தது. தன் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

"நான்தாம்மா."

"என்ன நீங்க?"

"சிகரெட். குளியலறையில."

அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. சத்தியமா."

"மறுபடியும் சத்தியமா?"

"ரெண்டு" என்றார் வாத்தியார், வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல. "நாளைக்கு வேணும்னா நானே வந்து கமிட்டி முன்னால சொல்லிடறேன். உன் பொடியை நாசம் பண்ணது நான்தான்னு."

"கட்டாயம் வந்துதான் ஆகணும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிகரெட் புகை உள்ளே போய் மாட்டிக்கிற அளவுக்கு ஓட்டையைப் பெருசாக்கத்தான் இந்த மூணு வருஷப் பாடே. லேப்ல ஒருத்தர்கூட சிகரெட் பிடிக்கிறதில்லை. அதான், உங்களை நம்பி ஒரு கிண்ணத்தைக் குளியலறையில வச்சேன்!"