லினக்ஸ் திறக்கும் நேரம்

தேனியில் வேலை முடிந்து சின்னமனூர் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆண்டனி ராஜ் கேட்டான். "பழைய கம்ப்யூட்டர்ல மூணு லினக்ஸ் டெஸ்க்டாப் போட்டு வச்சேன்ல, எது சீக்கிரம் தொறக்குது? எண்ணுனியா?"

"எண்ணுனேங்க," என்றாள் மனைவி அருள்செல்வி. "கேடிஇ பத்து. எக்ஸ்எஃப்சிஇ நாலு. எல்எக்ஸ்டிஇ ரெண்டுதான்."

"ரெண்டே செகண்டா! இந்த ஓட்டைக் கம்ப்யூட்டர்லயா!" சட்டையைக்கூடக் கழற்றாமல் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பீற்றினான்.

அருள்செல்வி விழித்தாள். "செகண்டா? நான் முட்டை அவிக்கிறப்ப எண்ணுற மாதிரிதான எண்ணுனேன்! பத்து தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் முழுசாச் சொன்ன பெறகுதான் கேடிஇ தொறந்துச்சு."

ஆண்டனி ராஜ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "சரி, எல்எக்ஸ்டிஇயே இருக்கட்டும்."

"வேணாம், கேடிஇயே இருக்கட்டும். கோயில் பக்கமே எட்டிப் பாக்காத நீங்க, இதைத் தொறக்குற சாக்குலயாவது தினம் பத்து ஜெபம் சொல்லுவீகல்ல!"