முழுக்கைச் சட்டை

பழைய கையடக்க வீடியோ கேம்களை யூடியூபில் விமர்சிக்கும் முகுந்தனால் இன்றைய விளையாட்டின் முதல் பள்ளத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. வழக்கம்போலத் தன் முழுக்கைச் சட்டையை மனைவி மதிவதனியிடம் நீட்டினான். கேமராவில் கைகள் மட்டும்தான் தெரியும்; அவள் ஆடுவாள், அவன் பேசுவான்.

"வளையலக் கழட்டிடு. போன தடவையே சத்தம் கேக்குதுன்னு ஒருத்தன் கமெண்ட் போட்டுட்டான்."

சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. மணிக்கட்டு சிவந்துவிட்டது. அவள் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் பள்ளத்த நான் எவ்வளவு ஈசியா தாண்டுறேன்னு பாருங்க," என்றான் மைக்கில்.

திரையில் குட்டி வீரன் ஓடிவந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றான். பொத்தான்மேல் அவள் கட்டைவிரல் அசையவில்லை.

"பாருங்க," என்றான் மறுபடியும்.

அவள் திரையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் அவள்மேல் இருந்த தன் சட்டையைப் பார்த்தான்.