மசாலா போடாத நண்டு

"இந்தக் கடையும் வேணாம்" என்று எல்லம்மா எழுந்துவிட்டாள். பரிமாறும் பெண் வைத்துவிட்டுப் போன தேநீர் ஆவி பறக்க அப்படியே இருந்தது.

ஹரிஷுக்கு மானம் போயிற்று. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருப்பவன், அம்மாவை ஒரு வாரம் ஊர் பார்க்க அழைத்து வந்திருந்தான். அவளோ பூங்காவும் வேண்டாம், கடற்கரையும் வேண்டாம் என்றுவிட்டாள். கேட்டது ஒன்றுதான்: சீனர்கள் அந்தக் காலத்திலிருந்து சாப்பிடுகிற மாதிரி, மசாலா போடாத நண்டு. அதுவும் கேலாங் தெருவில்தான் வேண்டுமாம்.

தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியவில்லை. எல்லம்மா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"வேற தெருவுல இல்லாத நண்டாம்மா? ஏன் இதையே புடிச்சிக்கினு கீற?"

"இங்கதான் நல்லா இருக்கும்னு ஊர்ல சொல்லிக்கிறாங்க."

அவர்கள் ஊரான தோணிரேவில் யார் சீனச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஹரிஷுக்குப் புரியவில்லை.

அவன் கவலை வேறு. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்று வளைக்குள் கைவிட்டு நண்டு பிடிப்பவள் எல்லம்மா. அதை வாங்கி உயிரோடு விமானத்தில் அனுப்பும் ஏஜென்ட் தேவேந்திரன் கொஞ்ச நாளாக ஒரே பாட்டைப் பாடுகிறான். தோணிரேவுப் பெண்கள் பிடித்துக் கொடுப்பது சிங்கப்பூர் போவதற்குள் செத்துவிடுகிறதாம், மொத்தமாகக் குப்பையில் கொட்டுகிறார்களாம், செத்ததற்குக் காசு கிடையாதாம். இப்படியே போனால் அவர்களிடம் வாங்குவதையே நிறுத்திவிடுவானாம்.

ஏரியை விட்டுவிடு, பொன்னேரியில் வீடு பார்த்துத் தருகிறேன் என்று ஹரிஷ் கெஞ்சிக்கொண்டிருந்தான். "ஒரு வேளை நல்ல சீனச் சாப்பாடு சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்பதே அவளிடமிருந்து வந்த பதில்.

அவனுக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. பொங்கலுக்கு அவன் ஆசையாக அனுப்பிய சேலையை அவள் எடுத்து வரவில்லை. பச்சையில் மஞ்சள் கிளி போட்டது. அந்த மாதிரி ஒன்றுதான் வந்தது என்று கடைக்காரர் சொன்ன சேலை. நடந்துகொண்டே கேட்டான்.

"கிழிச்சிட்டேன் நைனா. நல்ல காட்டன்."



மசாலா இல்லாத நண்டுதான் வேண்டும் என்று அவள் சொன்னபோது, பட்டறையிலிருக்கும் சீன மேஸ்திரியிடம் கேட்டிருந்தான். அவர் பொறுமையாக விளக்கினார். நண்டு செத்ததுமே அதன் வயிற்றிலிருக்கும் செரிமான நீர் அதன் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கொழகொழவென்று ஆகிவிடும். மிளகாயும் தக்காளியும் போட்டுப் புரட்டினால் அது தெரியாது. வெறும் இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்தால் முதல் வாயிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பழைய முறையில் சமைப்பவர்கள் உயிருள்ள நண்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள்.

இதைச் சொன்னபோது எல்லம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். ஆனால் எந்தக் கடையிலும் அவள் தட்டில் கை வைத்தபாடில்லை. நேரே நண்டுத் தொட்டிக்குப் போவாள், குனிந்து பார்ப்பாள், "எல்லாம் நைலான் கயிறு" என்று உதட்டைப் பிதுக்குவாள், வெளியே வந்துவிடுவாள்.

தெருக்கோடியில், நான்கே மேசை போட்ட ஒரு கடை. கல்லாவிலிருந்தவர் தடுக்கத் தடுக்க எல்லம்மா சமையலறைக்குள் நுழைந்தாள். ஹரிஷ் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினான்.

"அம்மா, போலீஸக் கூப்புடப் போறாங்க."

"கூப்புடட்டும். நான் திருடவா வந்தேன்?"

கிழட்டுச் சமையல்காரர் ஒருவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மூலையிலிருந்த பெட்டியின் மூடியைத் திறந்து, ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினார். இந்தியாவில் ஏதோ ஏரியிலிருந்து வருகிறது, இதில் ஒன்றுகூடச் செத்து வந்ததில்லை என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார்.

எல்லம்மா கையை விட்டு, பின்பக்கமாகப் பிடித்து, ஒரு நண்டைத் தூக்கினாள். அது கண்ணை நீட்டி நுரை கக்கியது.

நைலான் கயிறு கொடுக்கின் மூட்டுகளை அறுக்கும். வலி தாங்காமல் நண்டு தன் கொடுக்கையே உதறிவிடும். ஈரத் துணி அறுக்காது, வழியெல்லாம் ஈரமும் காக்கும். இந்த நண்டின் கொடுக்குகளைத் துணியால்தான் கட்டியிருந்தார்கள்.

பச்சைத் துணி. முடிச்சுக்கு மேலே பாதி மஞ்சள் கிளி தெரிந்தது.

ஹரிஷ் துணியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"அவன் பெட்டியெல்லாம் இந்தத் தெருவுக்குத்தான் வருதுன்னு லாரிக்காரன் சொன்னான். போன எடு. மூஞ்சி தெரியற மாதிரி போடு" என்றாள் எல்லம்மா.

திரையில் தோணிரேவுக் கரை வந்தது. கூடைகளோடு நிற்கும் பெண்களுக்கு நடுவே தராசைப் பிடித்திருந்த தேவேந்திரன், சிங்கப்பூர் எப்படி இருக்குது என்று சிரித்தபடி விசாரித்தான். அந்தப் பெண்களும் போனை எட்டிப் பார்த்தார்கள்.

எல்லம்மா நண்டைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"தேவேந்திரா, நீ குப்பையில கொட்டுன நண்டு உன்னப் பாக்கணும்னுது."