கல்லறைச் சுவர்

கல்லறைத் தோட்டத்துச் சுவரை யாரோ இடித்துவிட்டார்கள் என்ற செய்தி, பரசுராமன் பல் விளக்கி முடிப்பதற்குள் அவன் வாசலுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவன் எல்லப்பன்.

"இன்னாண்ணா இப்டி பண்ணிட்ட! ஞாயித்துக்கெழம மைக்ல கேட்ட. பொதங்கெழம விடியறதுக்குள்ள சொவுத்த காணோம். கில்லாடிண்ணா நீ!"

கேட்டது உண்மைதான். பரசுராமன் படப்பை ரைஸ் மில்லில் பிட்டர். சாயந்திரமானால் கறுப்புச் சட்டை. கடவுள் இல்லை என்பான், ஆனால் அவரை விட்டால் அவனுக்குப் பேச வேறு ஆளே கிடையாது.

அந்த ஊர் மாதா கோயிலில் எல்லோரும் ஒன்றாகத்தான் முழந்தாளிடுவார்கள். செத்தால் மட்டும் பிரிந்துவிடுவார்கள். ஊர்த்தெருக்காரர்களுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம். காலனிக்காரர்களுக்கு அந்தப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் கூட்டத்தில், உபதேசியார் சவரிமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றதைப் பார்த்துத்தான் பரசுராமன் மைக்கில் கேட்டான்:

"ஆண்டவர் முன்னால அல்லாரும் ஒண்ணுன்றீங்களே உபதேசியாரே, மோட்சத்துலயும் நடுவுல சொவுரு கீதா?"

கூட்டம் கைதட்டியது. சாமியார் மாதம் இரண்டு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுப்பது, குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் சவரிமுத்துதான். அப்படிப்பட்டவர் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஊமை உபதேசியார் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சுவரை மட்டும் பரசுராமன் தொடவில்லை. 'நான் இல்லடா' என்று சொல்லத்தான் வாயெடுத்தான். எல்லப்பன் கண்ணில் இருந்த மரியாதை அவனை விடவில்லை.

"யாராச்சும் ஒருத்தன் செஞ்சிதானடா ஆவணும்" என்றான்.

டீக்கடையில் கடைக்காரன் கண்ணப்பன் தானே எழுந்து வந்து ஸ்பெஷல் டீ கொடுத்தான். காலனிப் பையன்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டீ ஆறுவதற்குள், நாம்தான் இடித்தோமோ என்று பரசுராமனுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் கோயில் நாட்டாமை இன்னாசி பத்துப் பேரோடு வந்து நின்றார். நாலு பேர் கையில் தடி இருந்தது.

"நாளிக்கு கல்லறத் திருநா. எங்கப்பன் தாத்தனுக்கு மெழுவத்தி ஏத்தப் போற நேரத்துல சொவுத்த இடிச்சிட்டு, இங்க குந்திகினு டீ குடிக்கிறியா? ஸ்டேஷனுக்கு ஆள் போயிருக்கு. உன்ன உள்ள வெக்காம வுட மாட்டேன்."

பரசுராமன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். மில் முதலாளிக்குப் போலீஸ் என்ற பேச்சே ஆகாது. வேலை போய்விடும். வீட்டில் மனைவி கங்காவுக்கு இது ஏழாம் மாதம்.

"நான் இடிக்கலீங்க. சத்தியமா நான் இல்ல."

"சத்தியமாவா? எந்தச் சாமி மேல?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இத்தினி நேரம் நீதான்னு பேசிகினு இருந்தாங்களே?" என்றார் இன்னாசி.

"நான்னு நான் சொல்லலீங்க. இல்லன்னுதான் சொல்லல. கேள்வி கேட்டேன், அவ்ளோதான். கை வெக்கல."

எல்லப்பன் வேறு பக்கம் பார்த்தான். பரசுராமனுக்கு அடி விழுவதைவிட அதுதான் வலித்தது. நாலு பேர் பாராட்டியபோது இனித்த பொய், இப்போது உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் பண்ணிவிட்டது.

அந்த நேரம் பார்த்து உபதேசியார் நடந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது.

"வாங்க உபதேசியாரே" என்றார் இன்னாசி. "மைக்கு வெச்சி உங்கள அவமானப்படுத்துன ஆளு இவன்தான. உங்க கையாலயே பிராது எழுதுங்க. இவம் பேர கொட்ட எழுத்துல போடுங்க."

காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

தீர்ந்தது என்று நினைத்தான் பரசுராமன். உபதேசியார் இடத்தில் தான் இருந்தால் எழுதியிருப்பான். இரண்டு வரி கூடவே எழுதியிருப்பான்.

சவரிமுத்து பேனாவை வாங்கினார். விரல் மடங்கவில்லை. பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், மறுபடியும் நழுவியது.

"கைல இன்னா?" என்று இன்னாசி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, கொப்புளம் உடைந்து, சதை சிவந்து கிடந்தது.

"குழி வெட்டுற கடப்பாரை. எனக்கு அது புடிச்சிப் பழக்கமில்ல. வேல முடியறதுக்கும் விடியறதுக்கும் சரியா இருந்திச்சி" என்றார் சவரிமுத்து.

இன்னாசி பிடித்திருந்த கையை விட்டார்.

"உபதேசியாரே, இன்னா பேசறீங்க? உங்க வேல இன்னாவும், குடியிருக்கிற வூடு இன்னாவும், யோசிச்சீங்களா? கோயில் வூடு அது."

"சாவிய கோயில் கூட்டுற லூர்தம்மாகிட்ட குடுத்துட்டுத்தான் வரேன். பிராதுல எம் பேர எழுதிக்குங்க. அவர வுட்ருங்க."

"உங்க அம்மாவும் நம்ம பக்கம்தான படுத்துகினு கீறாங்க! இந்தக் கறுப்புச்சட்ட பேச்ச கேட்டா இப்டி பண்ணீங்க? வேதத்துல இருந்து எடுத்து நாலு பதில் குடுக்க வேண்டியதுதான?"

உபதேசியார் பரசுராமனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"மூணு நாளா வேதபுஸ்தகம் பூரா தேடிப் பாத்தேன் இன்னாசி. அவரு கேட்ட கேள்விக்கு இதத் தவிர வேற பதில் கெடைக்கல."