நாற்பத்தைந்து டிகிரி நம்பிக்கை

கொல்லையில் பட்டுப்போன மரத்தைச் சாய்க்க ஆள் வந்திருந்தார். கணக்கு வாத்தியார் மூலைமட்டத்தைக் கண்ணருகே பிடித்து, அதன் சாய்ந்த விளிம்புக்கு நேராக மரத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நடந்தார்.

"நாப்பத்தஞ்சு டிகிரி. மரத்தோட உயரமும் நான் நிக்கிற தூரமும் ஒண்ணு. இதைத் தாண்டி ஒரு சுள்ளிகூட விழாது," என்று ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்தினார்.

மனைவி வந்து அதை இன்னும் ஓர் ஆள் நீளம் தள்ளி நிறுத்தினாள்.

"கட்டின புருஷன் கணக்குல எவ்வளவு நம்பிக்கை பாருங்க," என்றார் வாத்தியார், மரம் வெட்டுபவரிடம்.

மரம் சாய்ந்தது. ஸ்கூட்டர் முதலில் நின்ற இடத்தில் கிளைகள் குவிந்து கிடந்தன. வாத்தியார் மூலைமட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க கண்ணு தரையிலயா இருக்கு? அது இருக்கிற உயரத்தையும் சேர்த்துக் கூட்டணும்," என்றாள் மனைவி.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க திருத்தின பேப்பருக்கு மார்க் கூட்டிப் போடுறது நான்தானே. 'கண் உயரத்தைக் கூட்டவில்லை'ன்னு வகுப்பு மொத்தத்துக்கும் சிவப்பு மையில எழுதியிருந்தீங்க. ஒரு பிள்ளைகூடவா ஒழுங்காப் போடலன்னு அன்னிக்கே யோசிச்சேன்."

வாத்தியார் மூலைமட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பாவம், அதுங்க மேல தப்பில்ல. நீங்க நடத்தினதை அப்படியேதான் எழுதியிருக்குதுங்க."